முறை வைத்து அடிப்பதா, பாய்ந்து அடிப்பதா? ஆர்.பி.ஜி. ரசிகர்களின் 40 வருடச் சண்டை

2025 டிசம்பர் 11. லாஸ் ஏஞ்சலிஸில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழா. சினிமாவுக்கு ஆஸ்கர் போல கேம் உலகத்துக்கு இது. அன்று இரவு ஒரே கேமின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. ஆண்டின் சிறந்த கேம் உட்பட மொத்தம் 9 விருதுகள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வாங்கியிருந்த 7 விருதுகள்தான் அதுவரை சாதனை.

கேமை உருவாக்கிய சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனத்துக்கு இதுதான் முதல் கேம். பிரான்ஸின் தெற்கே மோன்பெலியே நகரத்தில் இருக்கும் சின்ன நிறுவனம். இதெல்லாம் ஆச்சரியம்தான். ஆனால் ஆர்.பி.ஜி. ரசிகர்கள் துள்ளிக் குதித்ததற்குக் காரணம் வேறு. ஜெயித்தது ஒரு 'டர்ன் பேஸ்டு' கேம். அதாவது, நான் ஒரு அடி அடித்தால் அடுத்தது உன் முறை என்று வரிசை வைத்துச் சண்டை போடும் கேம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று பெரிய நிறுவனங்கள் பல வருடங்களாக ஒதுக்கி வைத்திருந்த வகை.

எது சரி? இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது? கேமே ஆடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து பார்ப்போம்.

ஆர்.பி.ஜி. என்றால் என்ன?

ரோல் பிளேயிங் கேம். நீங்கள் ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம். 'அப்படிப் பார்த்தால் எல்லா கேமும் அதுதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் எண்களில் இருக்கிறது. துப்பாக்கி கேமில் நீங்கள் எவ்வளவு வேகமாகக் குறி பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். ஆர்.பி.ஜி.யில் உங்கள் கதாபாத்திரத்துக்கு எவ்வளவு பலம், எவ்வளவு புத்தி, எந்த லெவல் என்பது முக்கியம். உங்கள் விரல் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அவன் வேகமானவன்.

இதன் மூலம் கம்ப்யூட்டரே இல்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் "நான் கதவை உடைக்கிறேன்", "நான் அந்தக் காவலாளியிடம் பொய் சொல்கிறேன்" என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். நம்ம ஊர்த் தாயக்கட்டையில் தாயம் விழாமல் காய் இறங்காதது மாதிரி, இங்கே 20 முகப் பகடையில் போதுமான எண் விழாவிட்டால் கதவு உடையாது, காவலாளி நம்ப மாட்டான். மேசையில் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொருவராகத்தான் உருட்ட முடியும். 'முறை' வந்தது அப்படித்தான்.

1981இல் வந்த 'விசர்ட்ரி', 'அல்டிமா' போன்ற கேம்கள் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தன. அவற்றை விரும்பி ஆடிய ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். நின்டெண்டோ ஃபேமிகாம் கன்ட்ரோலரில் திசைக்கு ஒரு கூட்டல் குறி பட்டன், அடிக்க இரண்டு பட்டன், அவ்வளவுதான். கீபோர்டில் செய்ததை அதற்குள் அடக்க, 'தாக்கு, மந்திரம், பொருள், ஓடு' என்று ஒரு சின்னப் பட்டியல் திரையில் வந்தது. எட்டு வயதுப் பையனும் ஆடலாம், அவன் பாட்டியும் ஆடலாம். அடுத்த வருடம், 1987 டிசம்பரில், ஹிரோனோபு சகாகுச்சியின் முதல் 'ஃபைனல் ஃபேன்டஸி'. ஜப்பானிய ஆர்.பி.ஜி.யின் இரண்டு தூண்களும் நட்டாகிவிட்டது.

பொறுமை எப்போது போனது?

சந்தேகம் முதலில் வந்தது வெளியே இல்லை, உள்ளேயே. எதிரி அடிக்காமல் நாம் மெனு பார்த்து முடிக்கும்வரை கைகட்டிக் காத்திருக்கிறானே, இது என்ன சண்டை? 1991இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 4' இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அதன் வடிவமைப்பாளர் ஹிரோயுகி இடோ, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து யோசித்தது இது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு பட்டை. வேகமானவனுக்குச் சீக்கிரம் நிரம்பும். நிரம்பியதும் அவன் முறை. நீங்கள் மெனுவில் தடவிக்கொண்டிருந்தால் எதிரியின் பட்டையும் நிரம்பிக்கொண்டே இருக்கும். பதற்றம் வந்துவிட்டது.

பிறகு பிளேஸ்டேஷன் வந்தது, முப்பரிமாணம் வந்தது, கிராபிக்ஸ் சினிமா மாதிரி ஆனது. மனிதன் மாதிரியே இருக்கும் ஹீரோ வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பது பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது என்ற குரல் பலமானது. 2016இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 15' ஆக்‌ஷன் பக்கம் சாய்ந்தது. 2023 ஜூனில் வந்த 16ஆம் பாகம் முழுக்கவே ஆக்‌ஷன். சண்டையை வடிவமைக்க, 'டெவில் மே க்ரை 5'இல் வேலை செய்த ரியோடா சுசுகியையே கூட்டி வந்தார்கள். மெனுவில் தாக்குதலைத் தேர்ந்தெடுப்பதில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்கும் ரசிகர்கள் கடந்த சில ஆண்டுகளில் அதிகமாகிவிட்டார்கள் என்பது தயாரிப்பாளர் நவோகி யோஷிடா சொன்ன விளக்கம். தான் அந்த வகையிலேயே வளர்ந்தவர், அதன் ருசி தனக்குத் தெரியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதல் வாரத்திலேயே 30 லட்சம் பிரதிகள் போனது. அவர் கணக்கு முழுத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்கு எங்கே இடித்தது?

16ஆம் பாகம் வந்த ஆறே வாரத்தில், 2023 ஆகஸ்ட் 3 அன்று, பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 'பால்டர்ஸ் கேட் 3'ஐ வெளியிட்டது. முழுக்க முழுக்க டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். திரையிலேயே 20 முகப் பகடை உருளும். சண்டை முறை வைத்துத்தான். ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 8 லட்சத்து 75 ஆயிரம் பேர் ஆடினார்கள். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்கே.

இந்த கேமைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் ஆர்.பி.ஜி. பற்றிய இன்னொரு பெரிய வாக்குவாதமும் இதற்குள்தான் இருக்கிறது: பகடை தப்பாக விழுந்தால் என்ன செய்வீர்கள்?

ஒருவரைப் பேசிச் சமாதானப்படுத்தப் பார்க்கிறீர்கள். பகடையில் 2 விழுகிறது. அவர் கத்தியை எடுக்கிறார். பெரும்பாலானவர்கள் செய்வது, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி உருட்டுவது. 'சேவ் ஸ்கம்மிங்' என்று இதற்குக் கெட்ட பெயரே உண்டு. ஒரு கோஷ்டி, "நான் காசு கொடுத்து வாங்கினேன், எனக்குப் பிடித்த கதையைப் பார்க்கிறேன், உனக்கென்ன?" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "தோற்றால்தானே கதை? நல்லதே நடக்க வேண்டும் என்றால் சீரியல் பார்" என்கிறது. லேரியன் இரண்டு பேருக்கும் வழி வைத்தது. பகடையில் தொடர்ந்து மோசமான எண்களே விழாமல் பார்த்துக்கொள்ளும் 'கார்மிக் டைஸ்' என்ற வசதி ஏற்கெனவே ஆன் ஆகித்தான் வரும். கேம் வெளிவந்து சில மாதங்களில் 'ஹானர் மோட்' சேர்த்தார்கள். அதில் ஒரே ஒரு சேவ்தான். விழுந்தது விழுந்ததுதான். குழுவில் எல்லோரும் செத்தால் அந்த ஆட்டமும் முடிந்தது.

என்னைக் கேட்டால், முதல் தடவை ஆடும்போது திரும்பிப் போகாமல் ஆடிப் பாருங்கள். பகடை தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த கேமில் அவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். ரீலோட் செய்கிறவர்கள் அந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை.

எக்ஸ்பெடிஷன் 33 என்ன புதுசாகச் செய்தது?

கதை ஒரு வரியில்: லூமியேர் என்ற நகரம். தூரத்தில் ஒரு பிரம்மாண்டமான தூண். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஓவியப் பெண் அதில் ஒரு எண்ணை எழுதுகிறாள். அந்த வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் பூவிதழாகக் கரைந்து போகிறார்கள். வருடா வருடம் எண் ஒன்று குறைகிறது. கேம் தொடங்கும்போது அது 33. இன்னும் ஒரே வருடம்தான் என்று தெரிந்தவர்கள் அவளைத் தடுக்கப் படகேறுகிறார்கள். முப்பதுகளில் இருப்பவர்கள் முதல் அரை மணி நேரத்தை மட்டும் தனியாக ஆடுவது நல்லது. கண் கலங்கினால் யாரும் பார்க்க வேண்டாம்.

சண்டை முறை வைத்துத்தான். ஆனால் எதிரியின் முறை வரும்போது நீங்கள் கைகட்டி உட்கார முடியாது. அவன் வாளை ஓங்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் விலகலாம். அதைவிடக் குறுகிய நொடியில் அழுத்தினால் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். நன்றாக ஆடினால் ஒரு அடிகூட வாங்காமல் பெரிய எதிரியைச் சாய்க்கலாம். இயக்குநர் கியோம் ப்ரோஷ் முன்பு யூபிசாஃப்டில் வேலை செய்தவர். 'ஃபைனல் ஃபேன்டஸி 10', 'லாஸ்ட் ஒடிசி' இரண்டையும் பார்த்து வளர்ந்ததாகவும், தடுத்து அடிக்கும் யோசனைக்கு 'செகிரோ' காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். இது முழுசாகப் புதிய சரக்கு இல்லை. 1996இல் வந்த 'சூப்பர் மேரியோ ஆர்.பி.ஜி.'யிலேயே சரியான நேரத்தில் பட்டன் அழுத்தினால் அடி பலமாகும். ஆனால் அங்கே அது ஊறுகாய். இங்கே அதுதான் சாப்பாடு.

3 நாளில் 10 லட்சம் பிரதிகள். 33 நாளில் 33 லட்சம். (அந்த எண்ணைக் கொண்டாடாமல் விடுவார்களா?)

அப்படியானால் டர்ன் பேஸ்டு ஜெயித்துவிட்டதா?

இங்கேதான் ரசிகர்களே இரண்டாகிறார்கள். "இது பழைய முறையின் வெற்றி" என்று ஒரு பக்கம். "ஆக்‌ஷனைக் கலந்ததால்தான் வெற்றி, உங்கள் மெனுவால் இல்லை" என்று மறுபக்கம்.

இரண்டு பக்கமும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. டர்ன் பேஸ்டு கேமை நம்பி இருப்பவர்கள் யார்? கையில் நடுக்கம் உள்ளவர்கள். ஒரு கையால் ஆடுபவர்கள். கண் பார்வை மெதுவானவர்கள். வயது ஏறியவர்கள். மடியில் குழந்தை தூங்கும்போது ஆடுகிறவர்கள். இவர்களுக்கு 'யோசிக்க நேரம் எடுத்துக்கொள், நான் காத்திருக்கிறேன்' என்று சொன்ன ஒரே பெரிய கேம் வகை இதுதான். எக்ஸ்பெடிஷன் 33 அந்த வாக்குறுதியைப் பாதிதான் காப்பாற்றுகிறது. நாம் அடிக்கும்போது அழுத்த வேண்டிய பட்டன்களைத் தானாகவே நடக்கும்படி செட்டிங்ஸில் மாற்றலாம். ஆனால் எதிரி அடிக்கும்போது விலகுவதை நாமேதான் செய்ய வேண்டும். எளிதான 'ஸ்டோரி' நிலையில் அதற்கான நேரம் அதிகம் கிடைக்கும், பிறகு வந்த அப்டேட்டில் அதை இன்னும் நீட்டினார்கள். முழுசாக ஆஃப் செய்யும் வழி தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. முழு ஆக்‌ஷனான 'ஃபைனல் ஃபேன்டஸி 16'இல், ஹீரோவுக்கு ஒரு மோதிரம் போட்டுவிட்டால் அவன் தானாகவே விலகிக்கொள்வான். இன்னொரு மோதிரம் போட்டால் ஒரே பட்டனில் எல்லா வித்தையும் காட்டுவான். வேகமில்லாத விரல்களுக்கு, இந்த ஒரு விஷயத்தில், ஆக்‌ஷன் கேம்தான் அதிகம் இறங்கி வந்திருக்கிறது. எந்த வகை கேம் என்று ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறலாம். வாங்கும் முன் செட்டிங்ஸ் பக்கத்தின் வீடியோவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், பழைய பாணியை எந்தக் கலப்படமும் இல்லாமல் கொண்டாடியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் 'யாகூசா' வரிசை தெருச்சண்டைக்குப் பேர் போனது. 2019 ஏப்ரல் 1 அன்று, அடுத்த பாகத்தில் முறை வைத்துச் சண்டை என்று ஒரு வீடியோ விட்டார்கள். ஏப்ரல் ஃபூல் என்று எல்லோரும் சிரித்தார்கள். 2020இல் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் வந்தது. ஹீரோ இச்சிபான் சின்ன வயதில் டிராகன் குவெஸ்ட் பைத்தியம், அதனால் தெருச்சண்டையைக்கூட அவன் மனசுக்குள் அப்படித்தான் பார்க்கிறான் என்பது கதைக் காரணம். செம யோசனை!

'ஜே' என்ற எழுத்து ஏன் பிரச்சினை?

எக்ஸ்பெடிஷன் 33ஐப் பலரும் 'ஜே.ஆர்.பி.ஜி.' என்கிறார்கள். ஜே என்றால் ஜப்பான். செய்தது பிரான்ஸில். அப்படியானால் அது நாட்டின் பெயரா, பாணியின் பெயரா?

2023இல் ஒரு பேட்டியில் இதைக் கேட்டபோது யோஷிடா முகம் சுளித்தார். மேற்கத்திய ஊடகங்கள் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தத் தொடங்கியபோது தங்களைத் தனியாக ஒதுக்கிக் கேலி செய்வதாகவே ஜப்பானிய உருவாக்குநர்கள் சிலர் உணர்ந்தார்கள் என்றும், தாங்கள் செய்ய நினைத்தது ஆர்.பி.ஜி.யை மட்டும்தான் என்றும் விளக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2010ஐ ஒட்டிய காலத்தில் அந்தச் சொல்லுக்குள் 'பழசு, சலிப்பு' என்ற இளக்காரம் இருந்தது உண்மை. இன்றைய ரசிகர்கள் அதே சொல்லைப் பாசத்தோடு சொல்கிறார்கள் என்பதும் உண்மை. நம்ம ஊரில் 'மசாலா படம்' என்ற சொல் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும்.

'30 பேர் செய்த கேம்' என்பது உண்மையா?

பாதி உண்மை. சாண்ட்ஃபாலின் மையக் குழு 30 பேரை ஒட்டியதுதான். ஆனால் கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். சண்டை அசைவுகளைச் செய்த கொரிய அனிமேஷன் குழு, சோதனை செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், இசைக் கலைஞர்கள், நடிகர்கள் என்று நீளும். வெளியிட்டது கெப்ளர் இன்டராக்டிவ். அதில் சீனாவின் நெட்ஈஸ் முதலீடு இருக்கிறது. "30 பேரால் முடியும்போது உங்களால் ஏன் முடியாது?" என்று மற்ற ஸ்டுடியோக்களைத் திட்டுவதற்கு இந்த எண்ணை எடுத்து ஓங்குகிறார்கள். கேம் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்துவரும் நேரத்தில், 'குறைந்த ஆட்களே போதும்' என்ற பாடத்தை முதலாளிகள் எடுத்துக்கொண்டால் அடி வாங்கப்போவது, பெயர்ப்பட்டியலின் கடைசியில் இருக்கும் அந்த வெளி ஆட்கள்தான்.

பெரிய விழா முடிந்த சில நாட்களில் இன்னொரு தகராறு. 'இண்டி கேம் அவார்ட்ஸ்' என்ற வேறொரு விழா, தான் கொடுத்த ஆண்டின் சிறந்த கேம் விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம், உருவாக்கும்போது தற்காலிகமாக வைத்த ஏ.ஐ. படங்கள் சில, நீக்காமலேயே வெளியீட்டில் வந்துவிட்டன. சில நாட்களிலேயே அப்டேட்டில் மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த விழாவின் விதி ஏ.ஐ.யை எந்த அளவிலும் ஏற்காது. ஓவியர்கள் பலரும் அந்த முடிவை ஆதரித்தார்கள். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகப் பட்டாலும், விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள் என்பதை மறுக்க முடியவில்லை.

போனில் ஆடுபவர்களுக்கு இதில் என்ன?

நிறையவே. 'இளைஞர்களுக்கு டர்ன் பேஸ்டு பிடிக்காது' என்று கன்சோல் நிறுவனங்கள் பேசிக்கொண்டிருந்த அதே 2023இல், ஏப்ரல் மாதம், சீனாவின் ஹோயோவெர்ஸ் 'ஹொங்காய்: ஸ்டார் ரெயில்' வெளியிட்டது. முறை வைத்த சண்டை, ஒரு கையில் பிடித்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஆடலாம், இறங்கும் ஸ்டாப் வந்தால் பாதியில் விடலாம். டவுன்லோட் இலவசம். பெரிய வெற்றி.

இலவசம் என்றால் காசு எங்கிருந்து வருகிறது? கதாபாத்திரங்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். இதற்குப் பெயர் 'காச்சா'. ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழ ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீத வாய்ப்பு. 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நீங்கள் கேட்ட ஆள்தான் என்பதற்கு முதல் தடவை உத்தரவாதம் இல்லை. கெட்ட நேரம் என்றால் 180 குலுக்கல் வரை போகலாம். ஒரு குலுக்கலுக்கு 160 ரத்தினம் என்றால் மொத்தம் 28,800. கேமுக்குள் இலவசமாகவும் ரத்தினம் கிடைக்கும், மெதுவாக. அவசரப்பட்டால் கார்டை நீட்ட வேண்டும்.

பால்டர்ஸ் கேட் 3இலும் பகடைதான், இதிலும் பகடைதான். அங்கே தோற்றால் கதை மாறுகிறது. இங்கே தோற்றால் மாதக் கடைசியில் பேங்க் பேலன்ஸ் மாறுகிறது. 'முறையா, ஆக்‌ஷனா' என்று அடித்துக்கொள்ளும் அளவுக்கு ரசிகர்கள் இதைப் பற்றி அடித்துக்கொள்வதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காச்சா கேம் ஆடுகிறவர்கள் குறைந்தபட்சம் கார்டு விவரத்தை அதில் சேமித்து வைக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் 16 எண்ணையும் அடிக்க வேண்டியிருந்தால் யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கும்.

அடுத்து என்ன?

எக்ஸ்பெடிஷன் 33 ஒன்பது விருது வாங்கிய அதே இரவில், அதே மேடையில், லேரியன் தன் அடுத்த கேமை அறிவித்தது. பெயர் 'டிவினிட்டி'. அதிலும் சண்டை முறை வைத்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, உருவாக்கத்தின் தொடக்க வேலைகளில் ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி அதன் தலைவர் ஸ்வென் வின்கே பேசியது வெளியாகி, ரசிகர்கள் அடுத்த ரவுண்டை ஆரம்பித்துவிட்டார்கள்.